தாத்தாவின் இடது கை

ஆவடியில் அந்த வீட்டு ஹாலில், ஆறு மாதமாகப் பழைய பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது கீபோர்டு. பேத்திக்கு வாங்கியது. முதல் கிரேடு முடித்ததும் "போரடிக்குது" என்று எழுந்தவள், திரும்ப உட்காரவே இல்லை.

"ஓ.எல்.எக்ஸ்ல போட்டுடலாம்ப்பா" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா. நான் கத்துக்கறேன்" என்றார் தாத்தா. வீடே சிரித்தது.

ஊரார் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஸ்பேனர் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். இளையராஜா பாட்டென்றால் உயிர். சின்ன வயதில் ஆர்மோனியம் கற்க ஆசைப்பட்டு, "அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாம்" என்ற பதிலோடு அடங்கிப் போனவர்.

திருமுல்லைவாயிலில் இருந்து சனிக்கிழமைதோறும் இளம் மாஸ்டர் ஒருவர் வந்தார். "பியானோவுல 88 கட்டை, இதுல 61தான். ஆரம்பத்துக்கு இது போதும் ஐயா" என்று தைரியம் சொன்னார். இரண்டு மாதத்தில் வலது கை நன்றாகவே ஓடியது.

சிக்கல், இடது கை சேர்ந்தபோது வந்தது. தனித்தனியாக வாசித்தால் இரண்டும் சமர்த்து. சேர்த்து வாசித்தால், பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனைப் பார்ப்பது போல இடது கை வலது கையைப் பார்த்துக் காப்பியடித்தது. நான்கே வரி, மூன்று வாரமாகியும் படியவில்லை. பியானோ கற்கத் தொடங்குகிறவர்களில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

தாத்தாவுக்கும் காரணங்கள் கிடைத்தன. முழங்கால் வலி, ரேஷன் கடை, கரன்ட் கட். பெட்ஷீட் மறுபடி கீபோர்டின் மேல் ஏறியது.

மாஸ்டர் உற்சாகப்படுத்திப் பார்த்தார். "மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்டதான் ராஜா சார் மேற்கத்திய இசை கத்துக்கிட்டார். 2025 மார்ச் 8ஆம் தேதி, 81 வயசுல, லண்டன்ல சிம்பொனி அரங்கேற்றினார். வயசெல்லாம் ஒரு தடையா ஐயா?"

"அவர் ராஜா தம்பி. நான் ஃபிட்டர்" என்றார் தாத்தா.

அவரைத் திரும்ப உட்கார வைத்தது லண்டன் அல்ல. வீட்டு டூல் பாக்ஸில் கிடந்த ஒரு பழைய அரம்.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்த புதிதில் அவருக்கு ஒரே வேலை. இரும்புத் துண்டை வைஸில் மாட்டி அரத்தால் ராவ வேண்டும். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். வாரக்கணக்கில் இதுதான். 'ஆர்வம் இருக்கா?' என்று யாரும் கேட்கவில்லை. மணி அடித்தால் ராவினார்கள். கை பழகிய பிறகுதான் அந்த வேலை பிடித்தது.

மறுநாள் காலை 6 மணி. காபி குடித்ததும் கிச்சன் டைமரில் 15 நிமிடம் வைத்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி. முதலில் இடது கை மட்டும். பிறகு இரண்டு கையும், பாதி வேகத்தில், மெட்ரோனோமின் 'டிக் டிக்'கோடு. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் டைமர் அடித்தால் எழுந்துவிடுவார். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் அதில் ஒரு டிக். ஞாயிறன்று பாடமே கிடையாது. பிடித்த சினிமாப் பாட்டைக் காதால் கேட்டுத் தேடிப் பிடிப்பதோடு சரி.

இரண்டாவது வாரம், பல் விளக்கிக்கொண்டே ஓடி வந்தாள் பேத்தி. "ஐயோ தாத்தா! தினமும் அதே இடத்துல தப்பு. அது எஃப் ஷார்ப்!"

"எங்கடா கண்ணு? தொட்டுக் காட்டு."

காட்டுவதற்காக உட்கார்ந்தவள், பெட்ஷீட்டை மறந்தே போனாள். அன்று அவள் வலது கை, தாத்தா இடது கை. ஸ்கூல் வேன் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள். தினமும் அவள் வருவதில்லை. யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

பிறகு டிரினிட்டி தேர்வு. பேத்தி முடித்த கிரேடுக்கும் கீழே, 'இனிஷியல்'. 100 மார்க்குக்கு 60 எடுத்தால் பாஸ். காத்திருந்த குழந்தைகளுக்கு நடுவில் ஒரு அம்மா கேட்டார்: "பேத்தி உள்ள போயிருக்காளா சார்?"

"இல்லம்மா. பரீட்சை எனக்குத்தான். அவ துணைக்கு வந்திருக்கா."

இரண்டாவது பாட்டில் இடது கை ஒரு முறை தடுமாறியது. நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனார். ரிசல்ட் வந்தபோது பாஸ். பேத்தி எடுத்ததைவிட மார்க் கம்மி. அதை அவளே நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை 6 மணிக்கு கிச்சன் டைமரைத் தேடினார் தாத்தா. அது கீபோர்டின் மேல் இருந்தது. 15 நிமிடம் வைத்து, பேத்தி அவருக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள்.