புகார் சொன்னவன்

புகார் சொல்ல வந்தவனையே பிடித்து உள்ளே தள்ளுவது உலகத்தில் நெடுநாளாக நடந்து வருகிற காரியம். மோட்டார் வண்டிகளின் விஷயத்திலும் அந்த நியாயந்தான் நடக்கிறது.

என் வண்டி கொஞ்சம் வயதானது. அதில் ‘குரூஸ் கண்ட்ரோல்’ என்று ஒரு சௌகரியம் உண்டு. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இதற்கு வழி கண்டவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். வண்டி ஓட்டுகிற நண்பர் பேச்சுவாக்கில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உடம்பைக் குலுக்கவே, அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்பார்கள். 1950-ல் காப்புரிமை பெற்றார். 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி வண்டிகளில் அது வந்தது.

பகலெல்லாம் ஒழுங்காக இருந்த அந்தச் சௌகரியம், என் வண்டியில் இரவு வந்தால் திடீர் திடீரென்று கைவிட்டது. வேகம் தானாகக் குறையும். முதுகுக்குப் பின்னால் லாரி வரும்போது இது விளையாட்டுச் சமாசாரமா?

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். ‘வோல்டேஜ் குறைவு’ என்று குரூஸ் கண்ட்ரோல் பெட்டி புகார் எழுதி வைத்திருந்தது. பெட்டியைக் கழற்றி, அதற்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்தார்கள். 12.5 வோல்ட், ஒரு குறையும் இல்லை.

“பெட்டிதான் சார் போயிடுச்சு. புதுசு போட்டுடலாம்” என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் சொன்ன விலையில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அடுப்பெரியும்.

தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போனேன்.

“பெட்டி சேதிதானே சார் சொல்லுது? அதை ஏன் திட்டணும்?” என்றார் அவர்.

பெட்டியை அவர் கழற்றவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், மின்விசிறி எல்லாவற்றையும் போடச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையைப் பெட்டியின் எர்த் ஒயரிலும் வைத்தார்.

“நல்ல எர்த்துன்னா இங்கே 0.2-க்கு மேலே காட்டக் கூடாது சார்.”

மீட்டர் 4.3 காட்டியது. இஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட். அதில் நாலுக்கு மேல் வழியிலேயே தொலைந்தால் பெட்டிக்குப் பத்துகூட மிஞ்சாது.

முதல் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை? மீட்டர் குடிக்கிற மின்சாரம் எள்ளத்தனை. அரித்துப் போன ஒயர்கூட அதைக் கொடுத்துவிடும். நிறைய மின்சாரம் ஓடும்போதுதான் களிம்பு குறுக்கே நிற்கும். ஹெட்லைட்டுக்கும் பெட்டிக்கும் ஒரே இடத்தில் எர்த். ஆகவே இரவில் தகராறு.

பானெட்டுக்குள் ஒரு போல்ட்டைக் கழற்றினார். பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். மீட்டர் 0.05-க்கு இறங்கியது. கூலி இருநூறு ரூபாய்.

அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது. தனக்குப் போதிய வோல்டேஜ் வராதபோது, அரைகுறையாக வேகத்தை ஆளாமல், பொறுப்பை ஓட்டுகிறவனிடமே ஒப்படைத்திருக்கிறது. காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறது. அதற்குத்தான் ஆயுள் முடிந்ததென்று தீர்ப்பு!

சும்மா நிற்கும்போது எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான். மனிதர்களும் அப்படித்தான். யாராவது முடியவில்லை என்று முணுமுணுத்தால், அவர் தலையில் எத்தனை பாரம் ஏறியிருக்கிறது, அவருக்கு வந்து சேருவது எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஆளை மாற்றுவதைவிட அது மலிவு.