செம்மண் மேட்டில் ஓர் உலகக் கிராமம்

புதுச்சேரியிலிருந்து கடலோரச் சாலை வழியே வடக்கு நோக்கிப் பத்துக் கிலோமீற்றர் வரை சென்று மேற்கே திரும்பினால், நிலம் மெல்ல உயர்கின்றது. இருமருங்கும் அடர்ந்த மரங்கள். அவற்றின் நிழலிலே செந்நிற மண்பாதைகள். துவிச்சக்கர வண்டிகளிலே பல நாட்டவரும் செல்கின்றனர். இதுவே ஆரோவில். இச்சோலை இயற்கை தந்த செல்வமென்றே புதிதாக வரும் பிரயாணி எண்ணுவான். ஆனால், 1968ஆம் ஆண்டில் இங்கு ஒதுங்கி நிற்க நிழலும் அரிது.

புதுவை ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தை நடத்தி வந்தவரும், பிரான்ஸில் பிறந்து 'அன்னை' எனப் போற்றப்பட்டவருமான மிரா அல்பாஸா, இன மத பேதங்களைக் கடந்து மாந்தர் ஒன்றி வாழ ஒரு நகர் வேண்டுமென விரும்பினார். 1968 பெப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண் தாமரை மொக்கு வடிவான தாழியொன்றில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கிற்று. இவ்விடம் தனியொருவருக்கு உரியதன்று, மனித குலம் முழுமைக்கும் உரியதென்று அன்று பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரோஜர் ஆஞ்சே, 50,000 பேர் வாழத்தக்க வட்ட நகரொன்றுக்குப் படம் வரைந்தார்.

படம் அழகியதே, நிலமோ இடந்தரவில்லை. காடழிந்து வெறுமையான அம்மேட்டில், வடகீழ்ப் பருவமழை பெய்யுந்தோறும் மேல்மண் கரைந்து கடலைச் சேர்ந்தது. நிலமெங்கும் ஆழ்ந்த ஓடைகள் பிளந்தன. ஆன்ம சாதனையை நாடி வந்தோர் முதலில் மண்வெட்டியை ஏந்த வேண்டியவராயினர். மழைநீரை மறிக்க வரம்புகள் கட்டினர். குழி தோண்டிக் கன்று நட்டனர். குயிலாப்பாளையம், எடையன்சாவடி முதலான அயற்கிராமங்களின் தமிழ் மக்கள் அவர்களுடன் கூலிக்கு உழைத்தனர். அவர்களின் வியர்வையைச் சொல்லாது ஆரோவிலின் சரித்திரத்தைச் சொல்லல் ஆகாது.

விரைந்து வளரும் அவுஸ்திரேலிய வேலமரங்கள் முதலில் நிழல் தந்தன. அந்நிழலிலே பாலை, வீரை போன்ற நாட்டு மரங்கள் தழைத்தன. நம் வன்னிக் காடுகளை அறிந்தோர்க்கு இவை புதியனவல்ல. சோழமண்டலக் கரைக்கும் நம் வடபகுதிக்கும் பொதுவான உலர்வலயப் பசுமைக் காட்டின் பிள்ளைகள் இவை. 2011 டிசம்பர் 30இல் வீசிய 'தானே' புயலிலே வேலமரங்கள் பெருந்தொகையாய் வீழ்ந்தன. அவ்விடங்களிலே மீண்டும் கன்றுகள் நடப்பட்டன.

நகரின் நடுவே முதியதோர் ஆலமரமும், அதனருகே பொன்தகடு போர்த்த மாத்ரி மந்திரும் விளங்குகின்றன. 1971இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இம்மண்டபம் 2008இலேயே நிறைவெய்தியது. உள்ளே உருவச்சிலை இல்லை, பூசையும் இல்லை. பெரியதொரு பளிங்குக் கோளத்தின்மீது சூரிய ஒளி இறங்க, மக்கள் மௌனமாய் அமர்ந்திருக்கின்றனர். ஏறக்குறைய அறுபது நாட்டவர் இன்று ஆரோவிலில் வாழினும், அவர்தம் தொகை மூவாயிரத்தைச் சற்றே கடந்துள்ளது.

ஒற்றுமையை நாடிய இவ்வூர் பிணக்கை அறியாததன்று. 1973இல் அன்னை மறைந்தபின் நிர்வாக உரிமைபற்றி வழக்கெழுந்தது. 1980இல் இந்திய அரசு தலையிட்டது. 1988இல் தனிச்சட்டம் பிறந்தது. 2021 டிசம்பரிலே, பழைய படத்திற் கண்ட வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது குடிகள் இருபிரிவாயினர். அன்னை கண்ட நகரை முடிப்பதே கடமை என்பர் ஒரு சாரார். வாழும் காட்டுக்கு இசையப் படத்தைத் திருத்துவதே அறிவு என்பர் மறுசாரார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறல் வெளியார்க்கு எளிதன்று. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நகருக்கென வரையப்பட்ட படம் இன்னும் நிறைவேறவில்லை. அப்படத்தை நம்பி வந்தோரும் அயற்கிராமத்தாரும் கூடி நட்ட கன்றுகளோ காடாகிவிட்டன. வேற்று மொழி பேசுவோர் ஒரு குழியிலே சேர்ந்து நீர் வார்த்த அந்நாட்களில், அன்னை விரும்பிய ஒற்றுமை ஓரளவேனும் அங்கே நிலவிற்று.