சுடாத கல்

சிங்கப்பூர் காத்தோங்கின் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலில் பழக்கமான நண்பர், திண்டிவனம் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். சூளைச் செங்கல் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. ஆரோவில்லில் செம்மண்ணை அழுத்திக் கல் செய்கிறார்கள் என்று சொல்லி, அங்கே வேலை பார்க்கும் ஒரு கொத்தனாரிடம் என்னை அனுப்பிவைத்தார்.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாட்டு இளைஞர்கள் ஆளுக்கொரு பிடி மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து ஸ்ரீ அன்னையின் ஆரோவில் பிறந்தது. அப்போது அது வெறும் பொட்டல். மரம் போய், மழை மேல்மண்ணைக் கடலுக்கு அடித்துச்சென்று, நிலமெல்லாம் ஓடை அறுத்துக் கிடந்தது. நிலம் வறண்டதற்கு இரும்பைக் கோயிலோடு சேர்ந்த கடுவெளிச் சித்தர் சாபக் கதையை ஊரார் இன்றும் சொல்கிறார்கள். வந்தவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு மரம் வைத்தார்கள். இன்று அது காடு. புத்தகங்கள் இந்தக் கதையை நன்றாகவே சொல்கின்றன. வரப்பு வெட்டிய இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், கோட்டக்கரை ஆட்களைப் பற்றித்தான் அவற்றில் அதிகம் இல்லை.

அங்கே கொத்தனார் காட்டிய, மண்ணைச் சோதிக்கும் முறைகள் எனக்குப் பிடிபடவில்லை. என் கண் நின்றது இயந்திரத்தில்தான். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் உருவாக்கிய 'ஆரம்' அச்சு அது. மின்சாரம் வேண்டாம். சலித்த செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட், அளவாகத் தண்ணீர். அச்சில் கொட்டி, மூடி, நீளமான இரும்புப் பிடியை இழுத்தால் கல் எழும்பி வருகிறது. அடுக்கி நான்கு வாரம் நனைக்க வேண்டும். நெருப்பும் விறகும் கிடையாது. மண் தோண்டிய பள்ளம் குளமாகவோ கட்டடத்தின் நிலத்தடித் தளமாகவோ ஆகிவிடும். ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் எழுந்ததுதான்; 1992இல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கான ஹசன் ஃபாத்தி விருது பெற்றது.

"ஈரம் தப்புனா கல்லு வாயப் பொளந்துடும் சார்" என்றார் கொத்தனார். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டி, கீழே போட்டு உடைவதைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறார். சின்ன வயசில் அப்பா அம்மாவோடு சூளையில் கல் சுமந்தவர். "அப்பா வாங்குன முன்பணம் சீசன் முடிஞ்சாலும் தீராது. அடுத்த வருஷமும் அங்கதான்." இங்கே சித்தாளாக வந்தார். அச்சுப்பிடி கற்றார். இப்போது முட்டுக்கொடுக்காமல் வில்வளைவுக் கூரை எழுப்பக் கற்றுக்கொடுக்கிறார். வெளிநாட்டு மாணவர்கள் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிறார்கள்.

கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் குடும்பங்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பணத்தை நீட்டுகிற மேஸ்திரிக்கு ஒரு பங்கு, சூளைக்காரருக்கு ஒன்று, லாரி தரகருக்கு ஒன்று. மண் பிசைந்த குடும்பத்துக்குக் கடன் கணக்கு. விலை பேசும் நாம் கல்லைத் தட்டிப் பார்க்கிறோம். கூலியைக் கேட்பதில்லை. ஆரோவில்லைச் சுற்றியும் தரகர்கள் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லியே மனை விற்கிறார்கள். நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று தொடங்கிய இடம் அது. அங்கே காலையில் சைக்கிளிலும் பைக்கிலும் வந்து, மாலையில் கிராமம் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் கூலிக்காரர்கள்தான்.

ஆன்மிகமும் பசுமையும் பேசுகிற எந்தச் சமூகத்தையும் நான் இனி ஒரே கேள்வியால் அளப்பேன்: வேலை செய்தவன் கற்றுக்கொடுப்பவனாக உயர முடிந்ததா? இந்தக் கொத்தனார் விஷயத்தில் முடிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு என்பதை ஆரோவில்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டுகிறவர்கள் கல் வாங்குமுன் இரண்டு விஷயம் செய்யுங்கள். உங்கள் மனையின் மண் கல்லுக்கு ஆகுமா என்று சோதியுங்கள். ஆகாமல் சூளைக்கே போனாலும், கல் அறுப்பவரிடம் நேரில் பேசுங்கள். ஆயிரம் கல்லுக்கு அவர் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.