பதினேழு பல்

ராயபுரத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போகும் வழியில், ஒரு மதில் சுவரே பின்பக்கமாக அந்தச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. காலை ஏலம் முடிந்ததும் மீன்பாடி வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். ஐஸ் உருகிய தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து செயினைச் சீக்கிரமே துருவாக்கிவிடுகின்றன.

நான் பார்க்கப் போனது கடைக்காரப் பெரியவரின் பல் கணக்கை. சாதாரண சைக்கிளில் முன்னால் செயின்வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. மிதி ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். கூடை கூடையாக மீன் ஏற்றுகிற மிதிவண்டிக்கு அவர் பின்னால் 22 பல் மாட்டுகிறார். ஒரு மிதிக்கு இரண்டே சுற்று. வேகம் குறையும், முட்டி பிழைக்கும். "லோடு எவ்ளோன்னு கேக்க மாட்டேன். எந்தப் பாலம் ஏறுவேன்னுதான் கேப்பேன்" என்றார். நான் பார்த்த எந்தக் கியர் அட்டவணையும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே திருவொற்றியூரிலிருந்து ஒரு பையன் வந்தான். 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்த ஊர் அது. அவன் ஓட்டுவது ஃபிக்ஸட் கியர் வண்டி. ஃப்ரீவீல் கிடையாது; சக்கரம் ஓடுகிறவரை மிதியும் ஓடும். கால்களை இறுக்கி, பின்சக்கரத்தைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறான். டயரில் மூன்றே இடத்தில் நூல் தெரிந்தது, மற்ற இடமெல்லாம் புதுசு போல.

"இன்னா தம்பி, டயரை அரைச்சிக்கினு வர்றே?" என்றபடி பெரியவர் பற்களை எண்ணினார். முன்னால் 48, பின்னால் 18. அவன் கால் இறுக்குகிற மாதிரியே வலதுமிதியை முன்னால் நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மிதியை ஒரு சுற்று சுற்றி இன்னொரு கோடு, மறுபடி ஒன்று. நான்காவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்தது.

48, 18 இரண்டையும் ஆறால் வகுத்தால் எட்டும் மூன்றும். மூன்று மிதிச் சுற்றில் சக்கரம் சரியாக எட்டுச் சுற்று ஓடிப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. காலை மாற்றி நிறுத்தினாலும் அதே மூன்று இடம்தான். பின்னால் 17 போட்டால் ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லை. தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். ஒரே ஒரு பல்! வகுத்தல் என்ற பெயரே சொல்லாமல் இதைச் சாக்பீஸில் காட்டிய கையை நான் மதிக்கிறேன்.

மிதி கொஞ்சம் கனக்கும். மேடு அதிகமில்லாத ஊர் என்பதால் பையன் ஒப்புக்கொண்டான். முன்பிரேக் மாட்டத்தான் தயங்கினான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் சாலையில் போகிறவனுக்கு அது வேண்டும் என்று பெரியவர் விடவில்லை. பின்சக்கரத்தைத் தேய்த்து நிற்க எடுக்கும் தூரம் அதிகம். நானும் அவர் கட்சிதான்.

பல் குறைந்ததால் செயின் தளர்ந்தது. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கினார். "இதுல செயின் கழண்டா வீலே பூட்டிக்கும். கடக்கரையோரம் ஓட்டறே, வாரம் ஒரு தபா தொட்டுப் பாரு."