மொழிபெயர்க்காத ஒரு வாக்கியம்

இரு மொழியினரிடையே நின்று, ஒருவர் கூறுவதை மற்றவருக்கு எடுத்துரைப்பவனை முன்னாளில் துபாசி என்று அழைத்தனர். கேட்டதைக் கேட்டவாறே சொல்லுதல் அவன் கடமை. கூட்டுதலும் குறைத்தலும் அவனுக்கு விலக்கப்பட்டவை. இவ்விதியை நான் அறிந்தே மீறிய சந்தர்ப்பம் ஒன்றுண்டு. அது 1986 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வட தாய்லாந்தின் சியங் மாய் நகரில் நிகழ்ந்தது. மொழியையும் கருத்தையும் கையாள்வதையே தொழிலாகக் கொண்டோரும், கொள்ளவிருப்போரும் படிக்கும் இவ்விதழில் அதனை எழுதுவது பொருத்தமென எண்ணுகின்றேன்.

அக்காலத்தில் நான் பாங்கொக்கிற்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆசியத் தொழினுட்ப நிறுவகத்தில் நீர்ப்பாசன எந்திரவியலிற் பட்டப்பின் படிப்பை மேற்கொண்டிருந்தேன். கடைத்தெருவிலும் வயல்வரம்பிலும் பழகிப் பழகி அந்நாட்டு மொழியை ஓரளவு பேசக் கற்றிருந்தேன். ஞாயிறுதோறும் எம்முடன் வழிபடும் நண்பர் ஒருவர் ஒருநாள் ஓர் உதவி கேட்டார். புதிதாகப் பட்டம் பெற்ற அமெரிக்க இளைஞர் எண்மர், ஆசிய நகரங்களில் நகருக்கு ஒரு வாரமாகத் தங்கி, மாணவரிடையே கிறிஸ்துவைப் பற்றிப் பேச வந்திருந்தனர். சியங் மாயில் அவர்களுக்கு மொழிபெயர்க்க இருந்தவர்களுள் ஒருவர் காய்ச்சலாற் படுத்துவிட்டார். அவருடைய இடத்துக்கு நான் போக முடியுமா என்பதே கேள்வி. விடுமுறை எடுத்தேன். ஹுவாலம்போங் புகையிரத நிலையத்திலிருந்து இரவு வண்டியிற் புறப்பட்டு, 751 கிலோமீற்றர் கடந்து, மறுநாட் காலை அந்நகரை அடைந்தோம்.

என்னோடு இணைக்கப்பட்ட இளைஞன் அயோவா மாநிலத்துச் சோளப் பண்ணைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவன். வயது இருபத்திரண்டு. பயணச் செலவுக்கான பணத்தின் ஒரு பகுதியைக் கோடைகாலம் முழுவதும் தானியக் களஞ்சியமொன்றிற் கூலி வேலை செய்து தேடியிருந்தான். செருக்கற்றவன், உறைப்பான உணவைக் கண்ணீர் வழிய உண்டுவிட்டு நன்றி கூறுபவன். அந்நாட்டு மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. தொனி மாறினாற் பொருளும் மாறும். அவன் வணக்கம் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். அவனும் சேர்ந்து சிரித்தான். அவனை நல்லவன் என்று முதலிலேயே கூறிவிடுகிறேன். பின்னர் நான் சொல்லப்போவது அவனைப் பற்றிய முறைப்பாடு அன்று.

பல்கலைக்கழகம் சுதேப் மலையின் அடிவாரத்தில் அமைந்தது. மலைமேலிருக்கும் விகாரையின் பொற்றூபி காலை வெயிலில் எங்கிருந்தும் தெரியும். அதன் கீழ், மரநிழலில், எமது வாரம் நடந்தது. காலையில் ஆங்கில உரையாடல் வகுப்பு, மாலையிற் கரப்பந்தாட்டம், இரவிற் கிதார் இசையும் சிறு நாடகமும். எங்கு சென்றாலும் கூட்டம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை பேருடன் பேசினர், எத்தனை பேர் விசுவாசத்தை ஏற்கச் சம்மதித்தனர் என்பதை இளைஞர்கள் சிறு அட்டைகளிற் குறித்து, இரவுக் கூட்டத்தில் வாசித்தனர். எண்கள் நாளுக்கு நாள் உயர்ந்தன.

அவ்வெண்கள் எனக்கு உறுத்தலாயின. அந்நாட்டில் 'கிரெங் சாய்' என்றொரு சொல் உண்டு. பிறர் மனம் நோகலாகாது என்று ஒதுங்கி நடக்கும் பண்பை அது குறிக்கும். விருந்தினனை முகத்துக்கு நேரே மறுப்பது அவர்களிடம் அரிது. அவர்கள் புன்னகையோடு தலையசைத்தால் 'நீ சொல்வது என் காதில் விழுகிறது' என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். அதனை 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அட்டையில் எழுதிக்கொண்டிருந்தனர் எம்மவர்.

இது புதிய கதையுமன்று. 1816 இல் யாழ்ப்பாணத்திற்கு மிசனரிமாரை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்ட் அமைப்புத்தான் 1830களிற் சயாமிற்கும் அனுப்பியது. 1835 இற் பாங்கொக் சேர்ந்த பிராட்லி என்னும் மருத்துவர் அம்மைநோய்க்குத் தடுப்பு முறையைப் பரப்பினார், அச்சுக்கூடம் நடத்தினார், 1844 இல் அந்நாட்டின் முதற் செய்திப் பத்திரிகையைத் தொடங்கினார். மக்கள் மருந்தையும் அச்சையும் நன்றியோடு ஏற்றனர். மதத்தை ஏற்றவர் மிகச் சிலரே. 1840 இல் அங்கு வந்த பிரெஸ்பிற்றேரியன் மிசன் முதலாவது தாய்லாந்தவரைத் தன் சபையிற் சேர்க்க 1859 வரை காத்திருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இது விளங்காததன்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் கல்வியையும், மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிற் கற்பித்த மருத்துவத்தையும் ஏற்றுக்கொண்டு, திருநீற்றை அழிக்காமல் வீடு திரும்பியவர்களே நம்மிற் பெரும்பான்மையோர். ஆயினும் என் குடும்பம் அச்சிறுபான்மையைச் சேர்ந்தது. அதனாலேயே இக்கதை என்னை விடாமற் பற்றியிருக்கின்றது.

வியாழக்கிழமை மாலை, பல்கலைக்கழகத்தின் பின்புறத்திலிருந்த நூடில்ஸ் கடையொன்றில் நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். மூன்றாமவன் விவசாய பீடத்து மாணவன். மூன்று நாட்களாக எம்மை விடாது பின்தொடர்ந்தவன். என்னை மூத்தோனுக்குரிய 'பீ' என்னும் சொல்லால் அழைப்பான். நம் வழக்கில் அது அண்ணன். அமெரிக்க இளைஞன் தன் சிறு கைந்நூலை விரித்து, பாவம் என்றால் என்ன, மீட்பு என்றால் என்ன என்று படிப்படியாக விளக்கினான். நான் மொழிபெயர்த்தேன். பாவத்துக்கு அங்கே 'பாப்' என்பர், புண்ணியத்துக்கு 'புன்', சுவர்க்கத்துக்கு 'சவன்'. நம் சொற்களுக்கு உறவான சொற்கள். ஆதலாற் பொருளும் ஒன்றே என மயங்குதல் எளிது. அயோவா இளைஞன் பாவம் என்றபோது, கடவுளிடமிருந்து மனிதன் பிரிந்துநிற்கும் நிலையைக் கருதினான். மாணவன் கேட்டதோ கொலை, களவு, பொய் முதலிய செயல்களின் கணக்கை. ஒரே சொல்லின் இரு கரைகளில் இருவரும் நின்றனர், பாலம் நான்.

இறுதியில் இளைஞன், "இதனை ஏற்றுக்கொள்ள நீ விரும்புகிறாயா?" என்று கேட்டான். மாணவன் நெடுநேரம் மேசையைப் பார்த்திருந்தான். பின்பு தாழ்ந்த குரலிற் சொன்னான்: "பீ, அவர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் நான் என் அம்மாவுக்கு ஒரே மகன். அடுத்த மாரிகாலத்தில் நான் துறவாடை தரிக்க வேண்டும். அந்த மஞ்சள் ஆடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டுதான் அவர் சுவர்க்கம் போவார். நான் இவருடைய சுவர்க்கத்துக்குப் போய்விட்டால், அம்மா எதைப் பற்றிக்கொள்வார்?"

அந்நாட்டில் ஆடவர் வாழ்நாளில் ஒருமுறையேனும், சில வாரங்களுக்காயினும், பிக்குவாக இருந்து வருதல் மரபு. அப்புண்ணியம் ஈன்றவளைச் சேரும் என்பது மக்கள் நம்பிக்கை. அங்குள்ள சங்கம் பெண்களைப் பிக்குணிகளாக ஏற்பதில்லை. எனவே மகனின் ஆடை விளிம்பே அன்னையின் பிடி. கிறிஸ்தவனாகின்றவன் அந்த ஆடையைத் தரிக்க முடியாது.

இளைஞன் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன்: "நீ சொல்வது அழகாக இருக்கிறதாம். இன்னும் சிந்திக்க விரும்புகிறானாம்." அவன் முகம் மலர்ந்தது. சேர்ந்து பிரார்த்திக்கலாமா என்று கேட்டான். மாணவன் புன்னகையோடு தலையசைத்தான். அன்றிரவு அட்டையில் ஒரு பெயர் கூடியது.

அவ்வாறு ஏன் செய்தேன்? களைப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நண்பனின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. என் முன்னோர் ஒருவர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தாயார் இறந்தபோது கொள்ளி வைக்கும் உரிமை அவருக்கு இல்லாது போயிற்று. பங்காளி ஒருவரின் மகன் வைத்தான். மூத்த மகன் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்று பாடை போவதைப் பார்த்தாராம். எங்கள் வீட்டில் இக்கதையைப் பெருமையோடு சொல்வார்கள், விசுவாசத்தின் உறுதிக்குச் சான்றாக. படலைக்குள்ளே கிடந்த அந்தத் தாயின் பக்கத்திலிருந்து அக்கதையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நூடில்ஸ் கடையில் அம்மாணவன் பேசியபோதுதான் அக்குரல் முதன்முறையாக என் காதில் விழுந்தது. அதனை மொழிபெயர்க்க என் நா எழவில்லை.

அந்நகரிலே விசுவாசத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்தோரும் உண்டு. மக்கில்வரி பாதிரியார் 1867 இல் அங்கு குடியேறினார். ஈராண்டுகளின் பின், அவருடைய போதனையை ஏற்ற இருவர் உள்ளூர் மன்னரின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1878 இற் சமய சுதந்திரப் பிரகடனம் வந்தபின் அந்த விலை நீங்கிற்று. அன்னையின் விலை நீங்கவில்லை. அதனைச் சட்டத்தால் நீக்கவும் இயலாது.

இரண்டு நாட்கள் உறங்காமற் கழித்தபின், சனிக்கிழமை இரவு இளைஞனிடம் அனைத்தையும் கூறினேன். மாணவன் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். முதலில் அவன் சினந்தான், நியாயமான சினம். "நான் உன்னுடைய காதுகளை நம்பினேன்" என்றான். நான் என் முன்னோரின் கதையையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால், நான் அவனிடம் எதைக் கொடுக்கும்படி கேட்டேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது" என்றான்.

மறுநாள் பன்னிரண்டாம் சந்திர மாதத்துப் பூரணை. லோய் கிராத்தோங் விழா. வாழைத்தண்டும் இலையும் கொண்டு சிறு தெப்பங்கள் செய்து, மலரும் ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் வைத்து, பிங் ஆற்றிலே மிதக்கவிடுவர். மாலையில் நாங்கள் இருவரும் ஆற்றங்கரையோரமிருந்த அம்மாணவனின் வீட்டைத் தேடிச் சென்றோம். அன்னையார் திண்ணையில் அமர்ந்து வாழையிலை மடித்துக்கொண்டிருந்தார். இளைஞன் அட்டையை மாணவனிடம் நீட்டி, "வியாழக்கிழமை நீ சொன்னது என்னை வந்தடையவில்லை. மறுபடி சொல்வாயா? இம்முறை நான் கேட்கிறேன்" என்றான். மாணவன் அன்னையை ஒருமுறை பார்த்துவிட்டு, அதே சொற்களைச் சொன்னான். நான் அவற்றை அவ்வாறே மொழிபெயர்த்தேன்.

அன்னையார் கைவேலையை நிறுத்தவில்லை. ஒட்டரிசிச் சோற்றை எம்முன் நகர்த்திவிட்டு, "உன் அம்மா உன்னை இவ்வளவு தூரம் எப்படி அனுப்பினார்?" என்று இளைஞனிடம் கேட்டார். அவன், "தினமும் இரவில் முழங்காலில் நின்று என் பெயரைச் சொல்லிப் பிரார்த்திக்கிறார்" என்றான். அதனை நான் அவருக்குச் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, "அப்படியென்றால் அவரும் மகனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்றார். அதனையும் சொன்னேன். இளைஞன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பின்பு நால்வரும் ஆற்றுக்குச் சென்றோம். இளைஞன் தெப்பம் விடவில்லை. அவனுடைய மனச்சாட்சி அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆனால் வழுக்கும் படிகளில் அன்னையாரின் தெப்பத்தைத் தான் ஏந்தி இறங்கி, நீரருகே அவர் கைகளிற் கொடுத்தான். அன்றிரவுக் கூட்டத்தில் தன் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் குறைத்தான். ஏனென்று கேட்டவர்களிடம், தான் தவறாக எழுதிவிட்டதாக மட்டுமே கூறினான்.

மாணவன் 1987 ஆம் ஆண்டு மாரிகாலத்தில் துறவாடை தரித்தான். அதனைத் தெரிவித்து எனக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்க நண்பனிடமிருந்து மாதந்தோறும் கடிதம் வருவதாகவும், அவற்றிற் பெரும்பாலும் கேள்விகளே இருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தான்.

சமயத்தை எடுத்துரைப்பதே தவறு என்று நிறுவ நான் இதனை எழுதவில்லை. நான் இன்றும் கிறிஸ்தவன்; என் முன்னோர் ஒழுங்கையில் நின்றதன் பயனை நுகர்பவன். ஒரு வாரத்தில் ஒரு நாட்டாரின் நெஞ்சைத் திறந்துவிடலாம் என்று நம்பி வந்த இளைஞனை எள்ளி நகையாடுவதும் என் கருத்தன்று. உண்மை தெரிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு அவனுக்கு இருந்தது. குறை என்னுடையது. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரை அடிக்கடி நினைக்கின்றேன். தாம் ஏற்காத சமயத்தின் நூலைப் பிழையறப் பெயர்க்க உழைத்தவர் அவர். நானோ, நான் ஏற்ற சமயத்தின் பணியில் நின்றுகொண்டே ஒரு வாக்கியத்தைப் பிழைபடப் பெயர்த்தேன்.

சொல்லச் செல்பவனுக்குக் கேட்கும் கடமையும் உண்டு. கேட்பவன் தன் வீட்டில் எதை இழக்க நேரும் என்பதை அறியாதவன், தான் எதைக் கொடுக்கிறான் என்பதையும் முழுதாக அறியான். அவ்வறிவு இடைநிற்பவன் வழியாகவே வரவேண்டியிருக்கிறது. விரிவுரை மண்டபத்திலும், பத்திரிகையிலும், ஆய்விலும் இரு சாராரிடையே நிற்கப்போகும் இளைஞர்களுக்கு ஒன்றே சொல்வேன். கேட்க விரும்பப்படாத வாக்கியத்தை மென்மைப்படுத்திக் கொடுப்பதை நாம் இரக்கம் என்று எண்ணிக்கொள்கிறோம். அன்று நான் காப்பாற்றியது அந்த இளைஞனையோ மாணவனையோ அன்று, என்னைத்தான்.