ஒட்டோவும் ஒன்பது இலட்சம் கிலோமீற்றரும்

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள மேர்சிடஸ் பென்ஸ் நூதனசாலை, மோட்டார் வாகனத்தின் வரலாற்றைப் பளபளப்புடன் எடுத்துரைக்கும் இடமாகும். 1886 ஆம் ஆண்டிற் காள் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டி முதலாக, பந்தயத் தடங்களில் வெற்றி வாகை சூடிய கார்கள் ஈறாக, அங்குள்ளவை யாவும் மணக்கோலம் பூண்டவை போலக் காட்சி தரும். அத்தகைய இடத்திற்கு 2014 ஆம் ஆண்டு நீலநிற வண்டியொன்று வந்து சேர்ந்தது. அதற்கு மணக்கோலம் இல்லை. நெடும் பயணத்தின் தழும்புகளே அதன் அணிகலன்கள். அது ஓடி முடித்திருந்த தூரம் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் கிலோமீற்றர். பூமியின் நடுக்கோட்டை இருபத்திரண்டு முறை சுற்றிவரப் போதுமான தூரம் அது. சந்திரனுக்குச் சென்று திரும்பினாலும் அத்தூரத்தில் ஒரு பகுதி மிஞ்சும்.

அவ்வண்டிக்கு அதன் உரிமையாளர் இட்ட பெயர் ஒட்டோ. உரிமையாளரின் பெயர் குந்தர் ஹோல்டோர்ப். 1937 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், லுப்தான்சா விமான நிறுவனத்திற் பணிபுரிந்து வெளிநாடுகள் பலவற்றில் வாழ்ந்தவர். இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவுக்கு விரிவான வீதிப்படம் இல்லாதிருந்த குறையைத் தாமே அளந்து வரைந்து நிறைவு செய்தவர். வீதிவீதியாகச் சென்று குறித்துக்கொள்ளும் பொறுமை அவரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது என்பதற்கு அப்படமே சான்று. ஐம்பது வயதைக் கடந்த நிலையிற் பதவியை விட்டு விலகிய அவர், 1988 ஆம் ஆண்டு இவ்வண்டியை வாங்கி, அடுத்த ஆண்டு ஆபிரிக்காவை நோக்கிப் புறப்பட்டார். பதினெட்டு மாதங்களில் முடிவுறும் என்று எண்ணித் தொடங்கிய பயணம், 26 ஆண்டுகள் நீண்டு, 170 இற்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டு, 2014 ஒக்டோபரில் பேர்லினின் பிரான்டன்பேர்க் வாயிலின் முன் நிறைவெய்தியது.

இவ்வளவு தூரம் ஓடிய வண்டி எத்தகையது என்று அறிய விழைவது இயல்பே. மேர்சிடஸ் நிறுவனம் ஒஸ்திரியாவின் ஸ்ரையர் டைம்லர் பூக் நிறுவனத்துடன் இணைந்து, கிராஸ் நகரில் 1979 ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய கெலெண்டவாகன் எனும் வகையைச் சேர்ந்தது ஒட்டோ. கரடுமுரடான நிலத்திற்கான வண்டி என்பதே அப்பெயரின் பொருள். படைவீரருக்கும் காட்டதிகாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் உழைக்கவென்றே அது தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. உறுதியான சட்டகம், திண்மையான அச்சுகள், சுருள்விற்கள், பெட்டி போன்ற உடல் - இவ்வளவே அதன் சிறப்பு. ஆயினும் இவ்வினத்தின் வரலாறு அவ்விடத்தில் நிற்கவில்லை. 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய வரிசை மெருகிட்ட மரத்தையும் தோலிருக்கைகளையும் ஏற்றுக்கொண்டது. இன்று அதே பெட்டி வடிவம் உலகின் பெருநகரங்களிற் செல்வத்தின் சின்னமாக நிற்கின்றது. உழவனாகப் பிறந்தவன் பிரபுவாக உயர்ந்த கதை அது. ஒட்டோவோ உழவர் தலைமுறையைச் சேர்ந்தது.

நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டிகள் பலவற்றுக்கும் இவ்வரலாறு பொதுவானது. 1948 ஆம் ஆண்டு வெளிவந்த லான்ட் ரோவர், போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் அலுமினியக் கலப்புலோக உடலுடன் பிறந்த பண்ணை வண்டியே. அதே குடும்பத்தில் 1970 ஆம் ஆண்டு தோன்றிய ரேஞ்ச் ரோவர், சுகபோக வண்டிகளின் முன்னோடி என்று இன்று போற்றப்படுகின்றது. ஆனால் அதன் முதல் வண்டிகளின் உட்புறம் நீர் பாய்ச்சிக் கழுவத்தக்கதாகவே அமைந்திருந்தது. சேற்றுக் காலுடன் ஏறும் உரிமை அன்று அதன் சொந்தக்காரனுக்கு இருந்தது. காலப்போக்கில் தோலும் கம்பளமும் வந்தன. 1992 ஆம் ஆண்டில் உருக்கு வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த வில்லும் அதனை ஆளும் மின்னணுக் கருவியும் வந்து சேர்ந்தன. பயணஞ் செய்வோருக்கு மெத்தெனும் சுகம் கிட்டியது. வண்டியோ ஒரு படி கூடுதலாகச் சிக்கலுற்றது.

இச்சிக்கலின் இயல்பை உணர, ஒட்டோவின் எஞ்சினை நோக்குதல் வேண்டும். மூன்று லீற்றர்க் கொள்ளளவும் ஐந்து சிலிண்டர்களும் கொண்ட டீசல் எஞ்சின் அது. அதன் வலு 88 குதிரைவலு மாத்திரமே. அதே வடிவத்தையுடைய இக்கால வண்டியொன்றில், நான்கு லீற்றர் பெற்றோல் எஞ்சின் 585 குதிரைவலுவைத் தருகின்றது. ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்கிட்டால், ஒட்டோ சுமந்த பாரத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கைப் புதிய எஞ்சின் சுமக்கின்றது எனலாம். குறைந்த வேகத்திற் சுழன்று, குறைந்த அழுத்தத்தில் உழைக்கும் உலோகம் மெதுவாகத் தேய்கின்றது. டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டியதில்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே அதனை எரிக்கும். ஒட்டோவில் எரிபொருளை அளந்து செலுத்தும் பம்பியும் இயந்திர முறையில் இயங்குவதே. இதனால், ஒருமுறை உயிர்பெற்ற எஞ்சினை நிறுத்திவிடத்தக்க மின்னணுப் பழுது எதுவும் அதில் நேர இடமில்லை. மனிதன் கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, கையால் திருத்தத்தக்க இயந்திரம் அது.

எனினும் இயந்திரத்தின் எளிமையே ஒன்பது இலட்சம் கிலோமீற்றரைத் தந்தது என்று முடிவு கட்டினால் அது பாதி உண்மையாகவே அமையும். அதே எஞ்சினைத் தாங்கிய எத்தனையோ வண்டிகள் இரண்டு இலட்சத்தைக் காணுமுன்னரே இரும்புக்கடைக்குச் சென்றுவிட்டன. ஒட்டோவின் சாரதி, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வண்டியைச் செலுத்துவதைத் தவிர்த்தவர். பதறாத காரியம் சிதறாது என்பதை அவரது வலது பாதம் நன்கு அறிந்திருந்தது. தேவைப்படக்கூடிய உதிரிப்பாகங்கள் நூற்றுக்கணக்கில் வண்டியின் கூரையில் ஏற்றப்பட்டிருந்தன. பழுது நேருமிடத்து மரநிழலிலும் பாலைமணலிலும் தாமே குனிந்து திருத்தினார். தேயும் உறுப்பு முறியும்வரை காத்திராது, தேய்வின் முதற் குரலைக் கேட்டவுடனேயே அதனை மாற்றுவது அவரது வழக்கமாயிற்று. சுமையோ அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியது. பாதையோ பல இடங்களிற் பாதையே அல்ல. மடகஸ்காரில் ஒருமுறை வண்டி உருண்டு புரண்டதும் உண்டு. அதனை நிமிர்த்தித் திருத்திக்கொண்டு மீண்டும் புறப்பட்டனர்.

ஈண்டு சுகபோக வண்டிகளின் முதுமையை எண்ணிப் பார்த்தல் பொருந்தும். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். சுகபோக வண்டியோ இரண்டு வகையாலும் தின்னும். ஓடினால் எரிபொருளையும் ரயரையும் தின்னும். ஓடாது நின்றால் மின்கலத்தையும் இறப்பர்ப் பாகங்களையும் தின்னும். காற்றுவில்லின் இறப்பர்ப் பை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச்செல்ல வெடிக்கும். கொதிநீர் ஓடும் பிளாஸ்ரிக் குழாய்கள் வெப்பத்தில் இறுகி நொறுங்கும். வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று கூறப்படும் கியர்ப்பெட்டி எண்ணெயும் கறுத்து வலுவிழக்கும். எந்த எண்ணெய்க்கும் அத்தகைய வாழ்நாள் வாய்ப்பதில்லை. அவ்விளம்பரத்தில் வரும் வாழ்நாள் யாருடையது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இவை எவையும் திருத்த முடியாதவை அல்ல. திருத்தும் செலவே இங்கு தீர்ப்புக் கூறுகின்றது. புதிதாக இருந்தபோது பெரும் பணத்திற்கு வாங்கப்பட்ட வண்டியின் விலை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் சிறு பங்காகக் குறைந்துவிடும். அதன் உதிரிப்பாகங்களின் விலையோ அவ்வாறு குறைவதில்லை. அவை என்றும் புதுவண்டியின் விலைக்கு ஏற்றவையாகவே நிற்கும். ஒருநாள், திருத்தச் செலவு வண்டியின் விலையை எட்டிவிடுகின்றது. அன்று எஞ்சின் நன்றாகவே இருக்கலாம். சட்டகத்தில் துரு இல்லாதிருக்கலாம். ஆயினும் அவ்வண்டி இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும். இரும்பு தேய்ந்து இறக்கும் வண்டிகளிலும் பார்க்கக் கணக்கேட்டில் இறக்கும் வண்டிகளே அதிகம்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. சுகம் எப்பொழுதும் உறுதிக்குப் பகை என்று கருதுதல் தகாது. 1951 ஆம் ஆண்டு ஜீப்பை ஒத்த எளிய வண்டியாகத் தொடங்கிய ரொயோட்டா லான்ட் குறூசர், பாலைவனங்களிலும் சுரங்கங்களிலும் பெயர் பெற்ற பின்னரே சீமான்களின் வாயிலை அடைந்தது. 1996 ஆம் ஆண்டு அமெரிக்காவில் லெக்சஸ் என்னும் பெயரில் அது தோலுடுத்தி வந்தபோது, அத்தோலின் அடியில் இருந்தவை அதே சட்டகமும் அதே ஆறு சிலிண்டர் எஞ்சினுமே. நெடுந்தூரம் ஓடிய வாகனங்கள் பற்றி அந்நாட்டில் நிகழ்த்தப்படும் கணிப்புகளில் லான்ட் குறூசர் முன்வரிசையில் நிற்பதற்குக் காரணம், சுகத்தை அதற்குப் பின்னர் சேர்த்தவர்கள் அதன் எலும்பை மெலிவிக்காமையே. எமில் ஷ்மிட், லிலியானா ஷ்மிட் என்னும் சுவிற்சர்லாந்துத் தம்பதியர் 1984 ஆம் ஆண்டு ஒரு லான்ட் குறூசரிற் புறப்பட்டு, ஏழு இலட்சம் கிலோமீற்றருக்கும் மேலாக உலகைச் சுற்றியமையும் இங்கு நினைவுகூரத் தக்கது. எனவே, பெருமை ஒரு நிறுவனத்திற்கோ ஒரு நாட்டிற்கோ மாத்திரம் உரியதன்று. உறுதியான எலும்பும், அதன் நோவை உணரும் கையும் சேர்ந்த இடத்திலேயே தூரம் பிறக்கின்றது.

பழைய வண்டியை வாங்குவோர் முதலில் நோக்குவது ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரையே. தூரத்தை எண்ணும் ஆசை பழமையானது. உரோமானியக் கட்டடக் கலைஞரான விற்றுவியஸ், சில்லு 400 முறை சுழன்று ஒரு மைலைக் கடக்குந்தோறும் வெண்கலப் பாத்திரத்தில் ஒரு கூழாங்கல் விழும் பொறியை விவரித்துள்ளார். மாலையிற் கற்களை எண்ணினால் அன்றைய தூரம் தெரியும். அன்றைய கூழாங்கல்லாயினும் இன்றைய இலக்கமாயினும், எவ்வளவு தூரம் என்பதைக் கூறுமேயன்றி எவ்வாறு ஓடியது என்பதைக் கூறாது. குளிர்ந்த எஞ்சினை விரட்டி, எண்ணெய் மாற்றாது, நகருக்குள் நின்றுநின்று ஓடிய 60,000 கிலோமீற்றர், நெடுஞ்சாலையிற் சீராக ஓடிய 2,00,000 கிலோமீற்றரிலும் கொடியதாகலாம். மீற்றரில் உள்ள இலக்கத்தைப் பொய்யாகத் திருப்புவோரும் உளர். திருத்தக் கணக்குகள் எழுதப்பட்ட கொப்பி ஒன்று, மீற்றரிலும் உண்மை பேசும்.

ஒட்டோவின் பயணத்திலே மீற்றர் காட்டாத வேறொரு கணக்கும் உண்டு. 1990 அளவில் டிறெஸ்டன் நகரைச் சேர்ந்த கிறிஸ்டீன் என்னும் பெண்மணி ஹோல்டோர்ப்புடன் இணைந்தார். அதன் பின்னர் அப்பயணம் இருவருடையதாயிற்று. விடுதிகளை நாடாது, வண்டியின் பின்புறத்தில் அமைத்த படுக்கையிலே உறங்கி, வழியிலே சமைத்துண்டு, கண்டங்களைக் கடந்தனர். சுகபோகம் என்னும் சொல்லுக்கு விளம்பரங்கள் கூறும் பொருளுடன் அவ்வாழ்வுக்குத் தொடர்பில்லை. பின்னர் கிறிஸ்டீனைப் புற்றுநோய் பற்றியது. நோய்க்கு இடையிலும் இயன்றபோதெல்லாம் அவர் பயணஞ் செய்தார். 2010 ஆம் ஆண்டு அவர் காலமானார். அதற்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னரே இருவரும் முறைப்படி மணஞ்செய்துகொண்டனர். தொடங்கிய பயணத்தை நிறுத்தலாகாது என்பது அவரது விருப்பம்.

கூரையில் இருந்த நூற்றுக்கணக்கான உதிரிப்பாகங்களில் அந்நோய்க்குரியது எதுவும் இல்லை. முதற் குரலைக் கேட்டவுடன் மாற்றிவிடும் வழக்கமும் அவ்விடத்திற் செல்லவில்லை. எழுபதைக் கடந்த ஹோல்டோர்ப் மீண்டும் வண்டியிற் சாவியைத் திருப்பினார். முகம் பார்க்கும் கண்ணாடியின் அருகிற் கிறிஸ்டீனின் படம் தொங்கியது. எஞ்சிய நாடுகளை நோக்கி ஒட்டோ முன்போலவே, மெதுவாகவே ஓடியது.

நீண்டகால நம்பகம் என்பதை உற்பத்தியாளர் ஓர் இலக்கத்தால் அளக்கின்றனர். வாங்குவோர் உத்தரவாதப் பத்திரத்தின் ஆண்டுகளால் அளக்கின்றனர். ஒட்டோவை நோக்குமிடத்து அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் தோன்றுகின்றது. வண்டி மனிதனை நம்பி ஓடியது. மனிதன் வண்டியை நம்பிப் பாலையிற் புகுந்தான். இருவழியும் சென்ற அந்நம்பிக்கையே 26 ஆண்டுகள் பழுதின்றி நின்றது. பயணம் முடிந்து ஏழு ஆண்டுகளின் பின், 2021 இல், ஹோல்டோர்ப்பும் மறைந்தார். அவர் நூதனசாலைக்குக் கையளித்துச் சென்ற நீலநிற வண்டியின் மீற்றரிற் புதிய கிலோமீற்றர் எதுவும் இனி ஏறப்போவதில்லை. சாவியைத் திருப்பினால் அந்த எஞ்சின் இன்னும் ஓடக்கூடும். அதன் குரலைக் கேட்டு நோவறியும் காதுதான் இல்லை.