கோணி ஊசி

அப்பா உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைத்தார். கோணி ஊசி, மெழுகு பூசிய நூல். ஊசியை அழுத்தி அழுத்தி வலது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர் என்று ஞாயிறு பள்ளியில் சொன்னபோது என் கண்முன் வந்தது அந்தக் கைதான்.

பிற்பாடு வாசித்தபோது அந்தக் கையின் பின்னால் ஓர் உலகமே தெரிந்தது. அப்போஸ்தலர் நடபடிகளின்படி பவுல் பிறந்தது தர்சு பட்டணம். இன்றைய துருக்கியின் தென்பகுதி. ஸ்டோயிக் தத்துவம் வளர்ந்த ஊர். நெசவு ஊரும்கூட. பவுலுக்குப் பின்னால் அங்கே போய்ப் பேசிய டியோ கிறிசோஸ்தோம் சணல்நார்த் துணி நெய்பவர்களைக் குறிப்பிடுகிறார்: அந்த ஊரிலேயே பிறந்தும், 500 டிராக்மா கட்ட வழியில்லாமல் குடியுரிமை இல்லாது நின்றவர்கள். கைத்தொழிலை மேலோர் இழிவாக எண்ணிய காலம். அந்தக் காலத்தில் கிரேக்கத்தில் தர்க்கிக்கத் தெரிந்த ஒருவர், என் கையால் பாடுபடுகிறேன் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதில் கூச்சமில்லை, கொஞ்சம் கர்வம்கூட இருக்கிறது.

அந்த உலகம் கொங்குநாட்டுக்கு அந்நியமுமல்ல. அப்பாவின் கடையிலிருந்து சைக்கிள் மிதித்தால் வெள்ளலூர். அங்கே 1842லும் 1891லும் 1931லும் ரோம வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியு காசுகள். திபேரியு காசில் லத்தீனில் பொறித்திருப்பது, 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்' என்று. கி.மு. 9ல் சின்ன ஆசியாவின் கிரேக்கர்கள் அகஸ்டஸின் பிறந்தநாளை நற்செய்தி என்று கல்லில் வெட்டினார்கள். நற்செய்தி, ஆண்டவர், தேவகுமாரன் - இவையெல்லாம் யூத வேதத்திலும் வேர் உள்ள சொற்கள்தாம். ஆனால் கடைவீதியில் கேட்டவன் காதில் சக்கரவர்த்தியின் பெயரும் சேர்ந்தே ஒலித்திருக்கும். அந்தச் சொற்களைப் பவுல், ரோமன் ஆணியடித்துக் கொன்ற ஒருவருக்குக் கொடுத்தார். அவருடைய போதனையின் துணிச்சல் முழுவதும் இந்தக் கைமாற்றத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. தாத்தாவை வைத்தது சுவருக்குத் தெற்கே. அப்பாவையும் அங்கேதான் வைத்தோம். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்றவரின் நிருபத்திலிருந்து வாசித்துவிட்டுத்தான் மண் தள்ளினார்கள்.

அன்றிரவு பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எடுத்தேன். ஒரு பக்கம்தான். ஒநேசிமு என்ற அடிமையை எஜமானனிடமே திருப்பி அனுப்புகிறார். சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். விடுதலை செய் என்ற சொல்லை மட்டும் காணோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடிமையில்லாத உலகத்தை அந்தக் காலத்து மனம் நினைத்துப் பார்க்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் பழைய உலகம் பவுலுக்குச் சொல்லையும் கொடுத்தது, ஓரிடத்தில் வாயையும் கட்டியது. முதலாவதைப் பிரசங்கித்துவிட்டு இரண்டாவதை மறைப்பதில் நாணயமில்லை.

ஆனாலும் அதே பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. சொல்லச்சொல்ல வேறொருவர் எழுதுவது அக்கால வழக்கம். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் எழுதியவர் தெர்தியு தம் பெயரையே சொல்கிறார். பிலேமோனிடமோ, ஒநேசிமுவின் கடனை என் கணக்கில் வை, நான் தீர்ப்பேன், இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார் பவுல். கடன்பத்திரத்தின் பாஷை. ஊசி பிடித்த கை எழுதிய பத்திரம்.

ஒருமுறை கடைப்பையன் ஒருவன் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்பா முதலாளியிடம் போய், "என் கூலியில பிடிச்சுக்குங்க" என்றார். எட்டு மாதம் பிடித்தார்கள்.

சுவரைப் பற்றி அப்பாவும் ஒருநாள் வாய் திறந்ததில்லை.